நாலு மணி நேரத்துக்கு ஓர் ஏரி

எங்கள் அண்ணியிடம் மணி என்ன என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். வாசல் கேட்டின் நிழல் எங்கே விழுந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியாக இல்லாவிட்டால் கடிகாரம் தப்பு என்பார். இப்படி ஓர் ஆளோடு ஒரே வீட்டில் குடியிருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நான் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அண்ணனும் அண்ணியும் ஸ்டுடியோ நடத்துகிறார்கள். கடைத்தெருவில், சாவி ரிப்பேர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு நிற்கும் கடை. முன்னறையில் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு வெள்ளைத் திரை, ஒரு முக்காலி, முகம் பார்க்க ஒரு கண்ணாடி, யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு சீப்பு. பின்னறையில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும். வயிற்றுப்பாட்டுக்கு இதுதான். ஆனால் இரண்டு பேருக்கும் உயிர் இருப்பது வேறு இடத்தில். மலை, ஏரி, வயல், சாலை என்று மனித முகமே இல்லாத படங்கள் எடுப்பதில் இருவருக்கும் பைத்தியம்.

அதை எந்த நேரத்தில் எடுப்பது என்பதில்தான் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

அண்ணன் விடியற்காலைக் கட்சி. ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு எழுந்து, கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிக்குப் போய்விடுவார். மூடுபனி விலகுவதற்கும் வெயில் ஏறுவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டாம். அதில் எடுத்தால்தான் படமாம், மற்றதெல்லாம் தண்டமாம். கடைத்தெருவில் அவருக்கு 'விடியல்' என்றே பெயர். பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள்கூட "விடியல் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

அண்ணி அவரிடம் வேலைக்கு வந்தவர். வேறொரு ஸ்டுடியோவில் டச்சப் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். வந்த முதல் நாளே, சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஏரிப் படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே படமா இருக்கே" என்றாராம். அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாள் எடுத்தது."

"நாள் வேற, நேரம் ஒண்ணுதானே? ஏரி நாள் பூரா அங்கதான இருக்கு?"

அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருக்க வேண்டிய ஆளைக் கல்யாணம் செய்துகொண்டார். எங்கள் குடும்பத்தில் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

அந்தக் கல்யாணப் படம் இன்னும் ஹாலில் தொங்குகிறது. அண்ணி ஒற்றைக்காலில் நின்று, நடு மத்தியானம், வெட்டவெளியில் வைத்து எடுக்கச் சொன்ன படம். பின்னால் இருக்கும் மலை அற்புதமாக விழுந்திருக்கிறது. ஒவ்வொரு பாறையும் எண்ணிவிடலாம். முன்னால் நிற்கும் மாப்பிள்ளைக்கு மட்டும் இரண்டு கண்ணும் குழி விழுந்து, யாரோ முகத்தில் குத்தி இழுத்துவந்து நிறுத்தியது போல இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் இதைக் காட்டாமல் விட மாட்டார். அண்ணி அசந்ததே இல்லை.

"மலைக்கு அது சரியான நேரம். நீங்க மலையா இல்லாதது என் தப்பா?" என்பார்.

அண்ணியை மத்தியானக் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குக் கட்சியே கிடையாது, அதுதான் அண்ணனுக்கு எரிச்சல். செங்கல் சூளைக்காரர் தன் களத்தைப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது, வெயில் சாயும்வரை அவரைக் காக்கவைத்துவிட்டார். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால்தான் அடுக்கு அடுக்காகக் கல் தெரியும் என்றார். நிலம் விற்கிறவர் ஒருவர் தன் கிணற்றில் தண்ணீர் இருப்பது படத்தில் தெரிய வேண்டும் என்றார். சூரியன் தலைக்கு நேராக வந்த பிறகுதான் அண்ணி கேமராவையே வெளியே எடுத்தார். வேறெந்த நேரத்திலும் வெளிச்சம் கிணற்றின் அடிவரை இறங்காது. மரங்கள் அடர்ந்த இடத்துக்கு மேகம் மூடிய நாளாகப் பார்த்துத்தான் போவார்.

"எது நல்ல நேரம்னு கேக்காத," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "எதைக் காட்டணும், யாருக்குக் காட்டணும்னு கேளு. நேரம் தானா வந்துடும்."

எனக்கு எதற்கு இதெல்லாம்? நான் நர்ஸ். செல்போனில்கூட கோணல்மாணலாக எடுக்கிறவள். தலையை ஆட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

இப்படி வாய் ஓயாமல் சண்டை நடந்துகொண்டிருந்த வீட்டில்தான் அண்ணனுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், நான் வேலை பார்க்கும் அதே பிரிவில். கூடப்பிறந்தவரின் கையில் வாரா வாரம் தடித்தடி ஊசியாக ஏற்றுவது என்ன வேதனை என்று எனக்குத்தான் தெரியும். அதைப் பற்றி இங்கே அதிகம் பேசப் போவதில்லை.

அந்த அறையைச் சொல்ல வேண்டும். நீளமான அறை, இரண்டு பக்கமும் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு மெஷின். டி.வி. ஒரு கோடியில் இருக்கிறது. அண்ணனுக்குக் கிடைத்த நாற்காலி மறுகோடியில். அவர் கண்ணுக்கு எதிரே வெறும் சுவர், அதில் ஒரு சுவிட்ச் பெட்டி, ஓரமாகப் பழைய ஈரக்கறை. ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. நாலு மணி நேரம் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

அண்ணன் கிடக்கவில்லை. மூன்றாவது மணி முடியும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"போதும், கழட்டு."

"அண்ணே, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"நான் சொல்றேன், கழட்டு. உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டவன் நான். என்கிட்ட நர்ஸ் வேலை காட்டாத."

வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் நான் ஒரு முறை முறைத்தே உட்கார வைத்திருப்பேன். தங்கச்சி என்ற இளக்காரம் அவருக்கு. தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். டாக்டரம்மா வந்து எடுத்துச் சொன்னார். எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேண்டாம் என்கிறவரைக் கட்டியா போட முடியும்? மெஷினை நிறுத்தினால் எழுந்து போய்விடுவார். உடம்பில் சேர்ந்த தண்ணீர் முழுவதும் இறங்கியிருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட தட்டோடு மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அன்று அவரைத் தேற்றிய பிறகு டாக்டரம்மா என்னையும் அண்ணியையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "மருந்து மாத்திரையெல்லாம் அப்புறம். இவர் முழு நேரம் உட்காரணும். இல்லைன்னா அடுத்த தடவை இப்படி வந்தா என்னால உறுதி சொல்ல முடியாது," என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன்மேல் கோபமும் வந்தது. ஏரிக்குப் போவதையும் அவர் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார். கேமரா பை பீரோவுக்கு மேலே ஏறிவிட்டது. "இனிமே எதுக்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கும்.

அண்ணி அழவில்லை, உலுக்கவும் இல்லை. "அவர் உக்காருற இடத்தைக் காட்டு," என்றார்.

அறை காலியாக இருந்த நேரம் பார்த்துக் கூட்டிப்போனேன். அண்ணனின் நாற்காலியில் சாய்ந்து, கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, வெகுநேரம் சுவரைப் பார்த்தார். நான் இரண்டு படுக்கைவிரிப்பு மாற்றி, தரையைத் துடைக்கச் சொல்லி, திரும்பி வந்தும் அப்படியே இருந்தார்.

"இதைப் பார்த்துட்டு மூணு மணி நேரம் இருக்காரே, அதுவே பெரிசு," என்றார். "இங்க ஒரு படம் மாட்டறேன். உங்க அண்ணன் முழுசா உக்காருவாரு."

"அண்ணி, டாக்டர் சொல்லியே கேக்காதவரு படத்தைப் பார்த்து உக்காருவாரா?"

"உக்காருவாரு."

அவ்வளவுதான். அந்த நம்பிக்கையை எங்கே விலைக்கு வாங்கினாரோ தெரியாது. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் என்னிடம் வேறு வழி எதுவும் இல்லை. டாக்டரம்மாவிடம் கேட்டு ஆணி அடிக்க அனுமதி வாங்கினேன்.

என்ன படம் மாட்டுவது? அண்ணனுக்குப் பிடித்ததை மாட்டுவோம் என்று நான்தான் அடம்பிடித்தேன். அவரே எடுத்ததில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஏரிப் படம்: மூடுபனி, இளஞ்சிவப்பு வானம், நடுவில் ஒரே ஒரு மரம். அண்ணி உதட்டைப் பிதுக்கினார். "சரி, உன் பேச்சையும் ஒரு தடவை கேட்போம்," என்று பெரிதாக பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.

மாட்டினேன். அண்ணன் வந்து உட்கார்ந்தார், பார்த்தார், லேசாகச் சிரித்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது மணியில் வழக்கம்போல "கழட்டு". "பார்த்த படம்தானே," என்றார். இதில் பக்கத்து நாற்காலி டெய்லர் வேறு சேர்ந்துகொண்டார். அவரும் காலை ஷிப்டுக்கு வருகிறவர்.

"ஏம்மா, நாங்களே தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு இருட்டுல எந்திரிச்சு வரோம். இங்க வந்தும் விடிஞ்சும் விடியாம இருக்கணுமா?"

அடுத்து டாக்டரம்மா தன் பங்குக்கு, சூரியன் மறையும் படம் மனதுக்கு அமைதியாக இருக்கும் என்றார். அண்ணியிடம் அதற்கும் ஒன்று இருந்தது. ஏரி முழுக்கப் பொன்னை உருக்கி ஊற்றியது போல ஒரு படம். எனக்கே கண் நிறைந்தது. அது மதியம்வரைகூடத் தாங்கவில்லை. டெய்லரின் மனைவி உள்ளே வந்து பார்த்தவர் என்னை ஓரமாக இழுத்தார்.

"ஆஸ்பத்திரியில போய் பொழுது சாயற படத்தை மாட்டுவாங்களாம்மா? உள்ள படுத்திருக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

நியாயம்தான். நானே கழற்றிக்கொண்டு போய் வீட்டில் கொடுத்தேன். மனசு விட்டுப்போய், "இது வேலைக்கு ஆகாது அண்ணி" என்றேன்.

"உன் யோசனை முடிஞ்சுது, டாக்டர் யோசனையும் முடிஞ்சுது," என்றார் அண்ணி, அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "இனி நான் எடுக்கிறேன்."

மறுநாள் ஸ்டுடியோ ஷட்டரை இறக்கிவிட்டு, உச்சி வெயிலில் ஏரிக்குப் போனார். அண்ணன் விடியற்காலைகளில் ஸ்டாண்டை ஊன்றும் அதே இடத்தில் நின்று எடுத்தாராம். குடையைத் தனக்குப் பிடிக்காமல் கேமராவுக்குப் பிடித்தாராம். முகம் கன்றிப்போய் வந்தார். பிரிண்டரிலிருந்து படம் இறங்கியதும் எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. மூடுபனி இல்லை, நிறம் இல்லை, மயக்கம் இல்லை. வெட்ட வெளிச்சம். கரையில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது.

"என்ன அண்ணி இது, ஏரிக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்த மாதிரி இருக்கு?"

அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதேதான்," என்றார். "விடியல் படத்தை ஒரு பார்வை பார்த்தா போதும், தீர்ந்துடும். சுவத்துல மாட்டிட்டு எல்லாரும் கடந்து போற எடத்துக்கு அது சரி. உங்க அண்ணன் கடந்து போகக் கூடாது. நாலு மணி நேரத்துக்குக் காணுற மாதிரி அதுல சாமான் இருக்கணும். மத்தியானத்துலதான் ஏரியில இருக்கறது அத்தனையும் வெளிய வரும். மறைக்கறதுக்கு நிழலே கிடையாது."

"அண்ணனுக்குப் பிடிக்காதே."

"பிடிக்காது. அதுவும் நல்லதுதான்."

அவர் வருவதற்கு முன்னால் மாட்டிவைத்தேன். அண்ணன் வந்தார், உட்கார்ந்தார், ஊசி ஏற்றினேன், மெஷின் ஓட ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க அண்ணி வேலைதானே இது?"

"ஆமா."

"அறிவிருக்கா அவளுக்கு? உச்சி வெயில்ல எவனாவது ஏரியை எடுப்பானா? தண்ணியைப் பாரு, தகரம் மாதிரி இருக்கு. அந்த மரத்தோட நிழலைப் பாரு, காலடியிலயே கிடக்கு."

டெய்லர் தலையைத் திருப்பினார். "அந்தப் பாறை மேல என்னமோ காயுதே. சட்டையா?"

"எங்க?"

"எடது ஓரத்துல. நீலச் சட்டை. காலர் இல்லாதது. தச்சவன் சரியாத் தைக்கல, ஒரு கை நீளம்."

"இங்கிருந்து கை நீளம் தெரியுதா உங்களுக்கு?"

"என் தொழில் சார் அது."

அண்ணன் அந்தச் சட்டையையே பார்த்தார். யாருடையது, குளிக்க வந்தவனுடையதா, மீன் பிடிக்கிறவனுடையதா என்று பேச்சு போயிற்று. அப்படியானால் ஆள் எங்கே என்று இருவரும் தேடினார்கள். ஆள் கிடைக்கவில்லை. மரத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் சக்கரம் பாதி கிடைத்தது. நான் மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அண்ணன் குரல் மாறியிருந்தது.

"அங்க ஒரு மோட்டார் ரூம் இருக்கா?"

"எனக்கென்ன தெரியும் அண்ணே? ஏரிக்குப் போறது நீங்கதானே?"

"பச்சைக் கதவு போட்டு மோட்டார் ரூம். அதுக்குப் பக்கத்துல மலைமேல ஒரு பாதை ஏறுது பாரு. இத்தனை வருஷமா அதே எடத்துல நின்னு எடுத்திருக்கேன். ஒரு தடவைகூடக் கண்ணுல படல. பனியில மறைஞ்சே போயிருக்கு."

மூன்றாவது மணி நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் என்ன கேட்பார், நான் என்ன பதில் சொல்வது, அதற்கு அவர் எப்படிக் கத்துவார் என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணன் என்னைப் பார்க்காமலே ஊசியில்லாத கையை நீட்டினார்.

"என் கண்ணாடியை எடு. தூரப்பார்வைக் கண்ணாடி."

பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டேன். திட்டிக்கொண்டே இருந்தார்: வானம் வெளிறிக் கிடக்கிறதாம், பாறையெல்லாம் வெந்துபோய் இருக்கிறதாம், அந்தப் பாதை இரண்டாவது வளைவில் எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லையாம். மூன்றாவது மணி முடிந்தது. நாலாவது மணியும் முடிந்தது. கடைசியில் மெஷின் தானே மணியடித்தது. அண்ணனின் மெஷின் தானாக மணியடித்து நான் கேட்டது நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான்.

ஊசியைக் கழற்றி, பஞ்சை வைத்து அழுத்தி, கட்டுப் போட்டேன். எழுந்திருங்கள் என்றேன்.

"இரு. இந்தப் பாதை எங்க போகுதுன்னு பார்த்துக்கறேன்."

டாக்டரம்மா கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டு என்னிடம் புருவத்தை உயர்த்தினார். நான் வராந்தாவுக்கு ஓடினேன். ஸ்டுடியோவில் இருப்பதாகச் சொன்ன அண்ணி அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், ஷட்டர் சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு.

"உக்காந்தாரா?"

"உக்காந்தாரு."

"முழுசா?"

"முழுசா. முடிஞ்சும் எந்திரிக்க மாட்டேங்கறாரு. உங்களைத் திட்டிக்கிட்டே இருக்காரு."

"எனக்குத் தெரியும்," என்றார் அண்ணி. சொல்லும்போதே கண் நிறைந்து வழிந்துவிட்டது. சாவியை அவர் எவ்வளவு நேரமாக இறுக்கிப் பிடித்திருந்தாரோ, உள்ளங்கையில் அதன் பல் ஒவ்வொன்றும் பதிந்திருந்தது. அண்ணி அழுது நான் பார்த்தது அன்றுதான். அத்தனை நம்பிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தவர் அத்தனை நாளும் எவ்வளவு பயந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, சீருடையில் இருக்கிறேன் என்பதுகூட நினைவில்லை.

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டதும் அண்ணி கைக்குட்டையால் முகத்தை அழுந்தத் துடைத்து நிமிர்ந்துவிட்டார். அண்ணன் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அண்ணியைப் பார்த்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"படமா அது? நான் எடுத்திருந்தா நிழலையாவது காப்பாத்தியிருப்பேன்."

"எடுங்களேன், யாரு வேண்டாம்னா?"

"அந்தப் பாதை எங்க போகுதுன்னு பார்க்கணும். கேமரா பை எங்க இருக்கு?"

"பீரோ மேல," என்றார் அண்ணி. பிறகு வராந்தாத் தூணின் நிழலை எட்டிப் பார்த்துக்கொண்டே, ஏதோ சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார். "நாளன்னைக்குப் போவோமா? நீங்க சொல்ற அதே நேரம். விடியக்காலையிலயே."

நாளை மறுநாள் டயாலிசிஸ் நாள். அதை மறக்கிற ஆளா அண்ணி? வாயைத் திறக்கப் போனவளின் காலை அவர் மெல்ல மிதித்தார்.

அண்ணன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. விடியற்காலையை வேண்டாம் என்று அவர் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"நாளன்னைக்கு எப்படி முடியும்? எனக்கு இங்க நாலு மணி நேரம் வேலை இருக்கே," என்றார்.